வீடு திருத்தப் பெருங்கடன்: கணக்கு எங்கே பிழைக்கிறது?

சம்பளச் சிட்டையை நீட்டி, "வீடு திருத்த எனக்குத் தனிநபர் கடன் எவ்வளவு கிடைக்கும்?" என்று வங்கியில் கேட்கும்போதே பலருக்குப் பிழை தொடங்கிவிடுகிறது. 20 இலட்சம் எடுக்கலாம் என்று பதில் வந்தால் வீட்டு வேலையும் 20 இலட்சத்துக்கு வளர்ந்துவிடும். ஒழுகுகிற கூரையைத் திருத்த வெளிக்கிட்டவர் மாபிள், புதுக் கேற், மதில் என்று போய் நிற்பார். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் தங்க ஏசி பூட்டிய அறை வேறு. அவர்கள் இருப்பது மூன்று கிழமை, தவணை 5 வருடம்.

முதலில் மேசனைக் கூப்பிட்டு வேலைக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கெடுங்கள், வங்கிக்கு அப்புறம் போகலாம். அதுவும் ஒருவரின் வாய்க்கணக்கு போதாது. பழைய ஓட்டு வீடுகளில் ஓட்டை இறக்கிப் பார்த்தால்தான் தீராந்தியையும் சிலாகையையும் கறையான் எவ்வளவு தின்றிருக்கிறது என்று தெரியும். சுண்ணாம்புக்கல்லில் எழுப்பிய பழைய சுவரின் மேல் கொங்கிறீற் பிளாற் போட நினைப்பவர்கள், அத்திவாரம் தாங்குமா என்று விஷயம் தெரிந்த ஒருவருக்குக் காட்டாமலேயே கடன் தொகையை முடிவு செய்கிறார்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்கு விளங்குவதில்லை. மணலின் விலையும் அதற்கான அனுமதிப்பத்திரமும் இன்னொரு தலையிடி. எடுத்த கணக்குக்கு மேல் ஐந்தில் ஒரு பங்காவது எதிர்பாராத செலவுக்கு வேண்டும். அந்தப் பங்கு கடனாக இல்லாமல் கையிருப்பாக இருந்தால் நல்லது.

"12 வீதம்தான் வட்டி" என்று சொன்னால் எந்த 12 வீதம் என்று கேளுங்கள். 20 இலட்சத்தை 5 வருடத்துக்கு, குறைந்து செல்லும் மீதிக்கு 12 வீதம் என்று எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 44,500 ரூபா, மொத்த வட்டி 6 இலட்சத்து 70 ஆயிரம் அளவில். அதே 12 வீதத்தை முழுத் தொகைக்கும் 5 வருடமும் மாறாமல் போட்டால் தவணை 53,333 ரூபா, வட்டி 12 இலட்சம். கட்டி முடித்த காசுக்கும் சேர்த்து வட்டி கொடுக்கிறீர்கள். உண்மையில் அது வருடத்துக்கு 20 வீதத்துக்குச் சற்று மேல். வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்பதையும் எழுத்தில் பாருங்கள். 2022 ஏப்ரல் 8ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியதை மறக்க முடியாது. மாறும் வட்டியில் கடன் எடுப்பவர் அப்படி ஒரு நாளையும் யோசித்துத்தான் கையெழுத்து வைக்க வேண்டும்.

இதையெல்லாம் விட, எங்கள் ஊரில் பேசாமலே விடப்படுகிற கேள்வி ஒன்று உண்டு: வீட்டு உறுதி யார் பெயரில் இருக்கிறது? தனிநபர் கடனுக்குப் பிணையாளிகள் இருந்தால் போதும், உறுதியை ஈடு வைக்கத் தேவையில்லை என்பதால் அந்தக் கதையே எழாது. முதுசமாக வந்து, நாலு சகோதரருக்கு இன்னும் பங்கு பிரிக்காத வளவில் ஒருவர் மட்டும் 20 இலட்சத்தை இறக்குகிறார். இரண்டு பேர் கனடாவில், ஒருவர் கொழும்பில். நாளைக்குப் பிரிக்கும்போது, "நீதானே அண்ணா இவ்வளவு நாளும் இருந்தனீ" என்று ஒரு வசனத்தில் கதை முடிந்துவிடலாம். அக்காவுக்குச் சீதனமாக எழுதிய வீட்டைத் தம்பி தன் சம்பளத்தில் கடன் எடுத்துத் திருத்துவதும் நடக்கிறது. பாசத்தில் செய்வது தப்பில்லை. ஆனால் வீடு ஒருவருக்கு, கடன் இன்னொருவருக்கு என்பதை எல்லாரையும் வைத்துப் பேசி, முடிந்தால் நொத்தாரிசிடம் எழுதியும் வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

"வெளியிலிருந்து தம்பி மாதம் மாதம் அனுப்புவான்" என்று தவணையைக் கணக்குப் போடுவதும் ஆபத்து. அவனுக்கும் அங்கே வீட்டுக்கடன் இருக்கும். தவணைக்கு வரும் தொகையை ஆறு மாதம் உங்கள் சம்பளத்திலிருந்தே சேமிப்பில் போட்டுப் பாருங்கள். மூன்றாவது மாதமே இடித்தால் கடன் தொகையைக் குறையுங்கள். பிணைக்கு மச்சானையோ கூட வேலை செய்பவரையோ இழுக்குமுன், அந்தப் பிணை அவருடைய கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையிலும் பதிவாகும் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

நாலைந்து இலட்சம் என்றால் தனிநபர் கடன் சரி. 20 இலட்சம் என்றால் முதலில் வீட்டுக்கடனை விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம். உறுதி, மதிப்பீடு, சட்டத்தரணி கட்டணம் என்று இழுபடும்தான். ஆனால் வட்டி பொதுவாகக் குறைவு, காலம் நீளம். அரச ஊழியருக்கு இடர் கடன் என்ற சலுகைக் கடன் இருக்கிறது. தனியார் துறையில் 10 வருடத்துக்கு மேல் வேலை செய்தவர், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, ஊழியர் சேமலாப நிதியில் (EPF) 30 வீதம் வரை வீட்டுத் தேவைக்கு எடுக்கலாம். அது முதுமைக்கான காசு என்பதால் மாபிளுக்கு எடுக்க நான் சொல்லமாட்டேன், கூரைக்கு யோசிக்கலாம்.

கடனை எடுக்கும் மாதத்தையும் பாருங்கள். தனிநபர் கடன் முழுவதும் ஒரே நாளில் கணக்குக்கு வரும், அடுத்த மாதமே தவணை தொடங்கும். புரட்டாதியில் எடுத்து, ஐப்பசியில் மாரி பிடித்து, மேசன் வராமல் வேலை நின்றால் காசு ஒரு சாமத்தியச் சடங்குக்கும் ஒரு ஸ்கூட்டிக்கும் போய்விடும். கூரை வேலை என்றால் தை கழித்துத் தொடங்குகிற மாதிரி எடுங்கள். ஓடு, மரம், சீமெந்து விலைகளை மார்கழியிலேயே இரண்டு மூன்று கடைகளில் விசாரித்து வைக்கலாம்.