தகட்டு வேலை ஏன் தள்ளிப் போகிறது? ஆர்டர் கொடுப்பவரும் எடுப்பவரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவரில் மாட்டும் 50 மின் பெட்டிகள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அளவு 400 x 300 x 150 மில்லிமீட்டர். 1.6 மில்லிமீட்டர் சிஆர்சிஏ (குளிர்நிலையில் உருட்டிய எஃகு) தகடு, வெளிர் சாம்பல் பவுடர் கோட்டிங். அம்பத்தூரிலோ கோயம்புத்தூரிலோ ஒரு பட்டறையில் விலை கேட்டால் "மூன்று வாரம் ஆகும்" என்பார்கள். கேட்டவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். லேசர் இயந்திரம் அரை நாளில் வெட்டித் தள்ளிவிடுமே, மூன்று வாரம் எதற்கு?

அவர் சொல்வதில் பிழையில்லை. வெட்டுவது அரை நாள், மடிப்பது ஒரு நாள், வெல்டிங்கும் கிரைண்டிங்கும் இரண்டு நாள், பவுடர் கோட்டிங் அரை நாள் என்று தாராளமாகக் கூட்டினாலும் வாரத்துக்குள் முடிந்துவிடும். மீதி நாட்களில் அந்தத் தகடுகள் என்ன செய்கின்றன? காத்திருக்கின்றன. ஓர் இயந்திரத்துக்கும் அடுத்த இயந்திரத்துக்கும் நடுவில், பதில் வராத ஒரு மின்னஞ்சலின் முன், வேன் வராத வாசலில். நாள் குறைக்க நினைப்பவர் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் பெரும்பாலோர் இயந்திரத்தின் வேகத்தையே பார்க்கிறார்கள்.

ஆர்டர் கொடுப்பவர் செய்யும் முதல் தவறு, பர்ச்சேஸ் ஆர்டர் அனுப்பிய நாளிலிருந்து நாளை எண்ணுவது. டிராயிங்கில் உள்ள கடைசிச் சந்தேகம் தீரும் நாளில்தான் பட்டறையின் கடிகாரம் ஓடத் தொடங்கும். அந்தச் சந்தேகங்கள் பெரும்பாலும் அற்பமானவை. அதனாலேயே யாரும் அவசரமாகப் பதில் போடுவதில்லை.

தகட்டின் தடிமனைக் குறிக்கும் கேஜ் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ச் சந்தையில் 16 கேஜ் என்றால் 1.6 மில்லிமீட்டர் தகடு. அது பிரிட்டிஷ் கம்பி அளவிலிருந்து வந்த வழக்கம். அமெரிக்க எஃகுத் தகட்டு அளவில் அதே 16 கேஜ் ஏறத்தாழ 1.52 மில்லிமீட்டர். வெளிநாட்டு வாடிக்கையாளரின் டிராயிங்கை அப்படியே கைமாற்றிவிட்டால், இரண்டில் எது என்று பட்டறை கேட்டுத்தான் ஆக வேண்டும். மில்லிமீட்டரில் எழுதியிருந்தால் இந்தக் கேள்வியே எழாது.

லேசருக்கு அனுப்பும் வெட்டுக் கோப்பிலும் தொல்லை உண்டு. அங்குலத்துக்கும் மில்லிமீட்டருக்கும் இடையிலான 25.4 மடங்குப் பிழை உடனே பிடிபட்டுவிடும். 100 மில்லிமீட்டர் பாகம் இரண்டரை மீட்டருக்கு நீண்டு நின்றால் யார் கண்ணிலும் படும். கண்ணில் படாதது ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரட்டைக் கோடு. லேசர் அதே பாதையில் இரண்டாம் முறை ஓடி விளிம்பைத் தீய்த்துவிடும். அனுப்புவதற்கு முன் இரட்டைக் கோடுகளை நீக்கும் கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும்.

இவற்றையெல்லாம் விட நாளைத் தின்பது மடிப்பின் நீளம், அதாவது மடிந்து நிற்கும் ஓரத்தின் அளவு. 1.6 மில்லிமீட்டர் தகட்டை மடிக்க வழக்கமாக 12 மில்லிமீட்டர் வாய் கொண்ட வி-டை (V வடிவப் பள்ளம் உள்ள அச்சு) போடுவார்கள். மடிக்கும்போது தகடு அந்த வாயின் இரண்டு தோள்களிலும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு மடிப்பின் நீளம் எட்டரை, ஒன்பது மில்லிமீட்டராவது வேண்டும். டிராயிங்கில் 6 மில்லிமீட்டர் என்று இருந்தால், மேலிருந்து அழுத்தும் பஞ்ச் இறங்கும்போது ஓரம் தோளிலிருந்து நழுவி வாய்க்குள் விழுந்துவிடும்; மடிப்பு கோணலாக வரும். இதில் கொடுமை, பெண்டிங் (மடிக்கும்) இயந்திரத்தில் நிற்பவர் கையில் முதல் தகட்டை எடுக்கும்போதுதான் இது தெரியவருகிறது. அதற்குள் ஐம்பதும் வெட்டி அடுக்கியாகிவிட்டது. மடிப்புக் கோட்டை ஒட்டித் துளை இருந்தாலும் இதே கதைதான்; வட்டமாக வெட்டிய துளை மடித்த பிறகு முட்டை வடிவத்துக்கு இழுபட்டு நிற்கும்.

டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்ற வரம்பு, இன்னொரு வம்பு. பழைய டிராயிங்கிலிருந்து எடுத்து ஒட்டிய தலைப்புக் கட்டத்தில் "குறிப்பிடாத அளவுகளுக்கு ±0.1" என்று கிடக்கும். பெட்டியின் 400 மில்லிமீட்டர் அகலத்துக்கும் அது பொருந்தும் என்று எழுதியவரே நினைத்திருக்கமாட்டார். பொதுவான டாலரன்ஸ்களுக்கான ஐஎஸ்ஓ 2768 தரத்தின் நடுத்தர வகுப்பு, 120 முதல் 400 மில்லிமீட்டர் வரையிலான அளவுக்கு ±0.5 தருகிறது. தகட்டின் தடிமனிலேயே சிறு ஏற்றத்தாழ்வு இருக்கும். ஒவ்வொரு மடிப்பும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். நல்ல பட்டறை உங்களைக் கூப்பிட்டுக் கேட்கும், இரண்டு நாள் போகும். மற்ற வகைப் பட்டறை ஒன்றும் கேட்காமல் ஒப்புக்கொள்ளும். அந்தச் சண்டையைச் சரக்கு வந்திறங்கும் நாளில் போடலாம். பூட்டும் கீலும் பொருந்தும் இடங்களுக்கு மட்டும் இறுக்கமான அளவைக் கொடுத்துவிட்டு மற்றவற்றைத் தளர்த்திவிடுவதே புத்திசாலித்தனம்.

பொருளையும் நிறத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 304 துருவேறா எஃகு எங்கும் கிடைக்கும். 316 வேண்டுமென்றால் கையிருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். மின் பெட்டிகளுக்கு ஆர்ஏஎல் என்ற நிற எண் பட்டியலின் 7035, 7032 ஆகிய சாம்பல் நிறங்கள் கோட்டிங் பட்டறைகளில் எப்போதும் இருக்கும். நிறுவனத்தின் அடையாள நிறம்தான் வேண்டும் என்றால், ஐம்பது பெட்டிக்குத் தேவையானதைவிட அதிகமாகப் பவுடர் வாங்க வேண்டிவரும், அது வரும்வரை காத்திருக்கவும் வேண்டும்.

இனி ஆர்டர் எடுப்பவர் பக்கம். இங்கே ஆகப் பெரிய தவறு, வந்த வேலையையெல்லாம் உடனே பட்டறைத் தளத்தில் இறக்கிவிடுவது. "உங்கள் வேலையை ஆரம்பித்துவிட்டோம்" என்று சொல்வதில் ஒரு சுகம் இருக்கிறது. ஆனால் 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் நிரூபித்த எளிய விதி அந்தச் சுகத்தைக் கெடுக்கிறது: ஒரு வேலை உள்ளே இருக்கும் சராசரிக் காலம், உள்ளே கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கையை முடித்தனுப்பும் வேகத்தால் வகுத்தால் வருவது. வாரத்துக்கு 20 ஆர்டர் முடிக்கும் பட்டறையில் 60 ஆர்டர் கிடந்தால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாக மூன்று வாரம். பாதியை அலுவலகத்திலேயே நிறுத்திவைத்துத் தளத்தில் 30 மட்டும் வைத்திருந்தால், இறங்கிய வேலை ஒன்றரை வாரத்தில் வெளியே வரும். வாடிக்கையாளரின் மொத்தக் காத்திருப்பு அதனால் மட்டும் குறைந்துவிடாது என்பது உண்மை. ஆனால் தேடுவது குறையும், வெட்டிவைத்த பாகங்கள் துருப்பிடிப்பது குறையும், கடைசி நிமிடத்தில் டிராயிங் மாறினால் குப்பைக்குப் போகும் தகடும் குறையும்.

இயந்திரம் ஒரு நிமிடமும் சும்மா நிற்கக் கூடாது என்ற பிடிவாதம் இதன் உடன்பிறப்பு. வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் ஒற்றை இயந்திரத்துக்கான எளிய வரிசைக் கணக்கின்படி, அது 80 சதவீத நேரம் ஓடினால் ஒரு வேலை சராசரியாக நான்கு வேலைக்கான நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் ஒன்பது. 95 சதவீதம் என்றால் பத்தொன்பது. முதலாளிக்கு அந்தக் கடைசி ஐந்து சதவீதம் லாபமாகத் தெரியும்; வாசலில் நிற்கும் வாடிக்கையாளருக்கு அது இரண்டு மடங்கு காத்திருப்பு. தனித்தனி டிராயிங்குக்குச் செய்துகொடுக்கும் பட்டறையில் வேலைகள் ஒருபோதும் ஒழுங்காக வருவதில்லை என்பதால் இந்தக் கணக்கை அலட்சியப்படுத்த முடியாது.

புதிய ஃபைபர் லேசர் வாங்கினால் நாள் குறையும் என்று நம்பிக் கடன் வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. வரிசை லேசரின் முன் நின்றால் குறையும். பல இடங்களில் அது பெண்டிங்கின் முன்னும் வெல்டர் முன்னும் நிற்கிறது. வேகமான லேசர் அந்தக் குவியலை இன்னும் உயரமாக்கும், அவ்வளவுதான்.

பவுடர் கோட்டிங்கைச் சிறிய பட்டறைகள் வெளியே கொடுக்கின்றன. திட்டமிடுபவர் அதற்கு ஒரு நாள் என்று எழுதிவிடுவார். அடுப்பில் ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் சில நிமிடங்களில் பவுடர் இறுகிவிடும் என்பதால் வந்த மயக்கம் இது. அதற்கு முன் எண்ணெய் நீக்கி, துரு நீக்கி, பாஸ்பேட் ஏற்றி, இடையிடையே அலசி எடுக்கும் தொட்டி வரிசை இருக்கிறது. நிறம் மாற்ற வேண்டுமென்றால் பவுடர் தெளிக்கும் பூத்தை முழுக்கத் துடைக்க வேண்டும். ஆகவே ஒரே நிறத்தில் போதிய சரக்கு சேரும்வரை அவர்கள் உங்கள் பெட்டியைத் தொடமாட்டார்கள். ஐப்பசி மழையில், கிரைண்டிங் முடிந்த வெல்டிங் மூலைகள் எண்ணெய் பூசாமல் இரண்டு நாள் கிடந்தாலே செம்மண் நிறம் காட்டும்.

பூச்சு படக்கூடாத இடங்களில் மறைப்பு ஒட்டுவதை டிராயிங்கில் எழுதாமல் விடுவதும் இங்கேதான் வினையாகும். பூச்சு ஒரு பரப்புக்கு 60 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை ஏறும்; 5 மில்லிமீட்டர் துளையின் விட்டம் அதனால் 0.12 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கும். மரைக்குள் பவுடர் புகுந்தால் ஒவ்வொன்றிலும் மரை வெட்டும் டேப்பை மீண்டும் ஓட்ட வேண்டும். எர்த்திங் போல்ட்டின் அடியில் பூச்சு இருந்தால் இணைப்பே கிடைக்காது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

முதல் மாதிரிக்கு ஒப்புதல் தருவதில் இழுத்தடிப்பதும் தவறுதான். பெண்டிங்கில் டையை மாட்டி, முதல் பெட்டியை மடித்துக் காட்டிவிட்டு உங்கள் பதிலுக்காக மூன்று நாள் இயந்திரத்தை நிறுத்திவைக்க யாராலும் முடியாது. கழற்றிவிட்டு வேறு வேலை ஏற்றிவிடுவார்கள். உங்கள் பதில் வந்ததும் மறுபடி வரிசையின் வாலில் போய் நிற்க வேண்டியதுதான். மாதிரி எந்த நாளில் தயாராகும் என்று முன்கூட்டியே கேட்டு, பார்த்து முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரை அன்றைக்கு நேரில் அனுப்பிவிடுங்கள். கணக்குப் பிரிவிலிருந்து யாரையாவது அனுப்பிப் பயனில்லை.

எல்லா ஆர்டரிலும் "அவசரம்" என்று எழுதுகிறவரின் சொல்லை மூன்றாவது முறை யாரும் மதிப்பதில்லை. உண்மையான அவசரத்துக்குக் கூடுதல் பணம் கேட்கும் பட்டறையைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். உங்களுக்காக யாருடைய வேலை தள்ளிப்போகிறது என்று அவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். இலவசமாக முன்னே தள்ளிவிடுபவர் நாளை உங்களையும் அதேபோலப் பின்னே தள்ளுவார்.

பண்டிகை நாட்களை எண்ணாமல் தேதி கொடுப்பது மட்டும் ஆண்டுதோறும் அலுக்காமல் நடக்கிறது. ஆயுத பூஜை, பொங்கல் எல்லாருக்கும் தெரியும். ஆனால் "தீபாவளி முடிந்த மூன்றாம் நாள் திறந்துவிடுவோம்" என்று சொல்பவரிடம், வெல்டர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பீகார்க்காரர்கள் என்றால் தீபாவளிக்குப் பிறகு ஆறாம் நாள் வரும் சத் பூஜையை முடித்துவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள்.