எய்ட்ஸ் நினைவுப் போர்வைக்கு ஒரு துணி தைப்பது எப்படி

எய்ட்ஸில் இறந்தவர்களை, குறிப்பாகத் தன்பாலீர்ப்பு ஆண்களை, ஊரும் அரசும் ஒதுக்கிய காலத்தில், 1987-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது இந்தப் போர்வை. இறந்த ஒவ்வொருவருக்கும் அவர் பெயர் தைத்த ஒரு துணி; அவற்றை இணைத்ததே போர்வை.

தைத்து முடித்த அளவு சரியாக 3 அடிக்கு 6 அடி, ஏறக்குறைய ஒரு கல்லறையின் அளவு. எட்டுத் துணிகளைச் சேர்த்து 12 அடிச் சதுரமாகத் தைப்பார்கள். அளவு பிசகினால் சதுரம் சேராது. வெட்டும்போதே நான்கு பக்கமும் 2, 3 அங்குலம் கூடுதலாக விடுங்கள். அது ஓரம் மடிக்க.

இழுபடாத, நடுத்தரக் கனமுள்ள பருத்தித் துணி அல்லது பாப்ளின் எடுங்கள். பனியன் துணி வேண்டாம்; தொங்கவிட்டால் கோணிக்கொள்ளும். பின்பக்கம் ஒரு உள்துணி கொடுத்தால் விரிக்கும்போது தரை அழுக்கு ஏறாது. பஞ்சு தேவையில்லை.

எழுத்துகளைத் தனித் துணியில் வெட்டி, விளிம்பு முழுக்கத் தையுங்கள். பசையை நம்பாதீர்கள்: போர்வையை எத்தனையோ முறை மடித்து விரிப்பார்கள், பசை காய்ந்து உதிர்ந்துவிடும். உப்பி நிற்கும் பெயின்டும் கூடாது, மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டுத் தையுங்கள். கண்ணாடி, சமிக்கி போன்றவை பக்கத்துத் துணியைக் கிழிக்கும்.

இறந்தவரின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். அவமானத்துக்கு அஞ்சி முதற்பெயரை மட்டும் தைத்த குடும்பங்களும் உண்டு, அதுவும் ஏற்கப்படும்.