பொங்கலுக்கு ஊர் வீட்டில் எல்லாரும் கூடும்போது

பொங்கல் விடுமுறைக்கு செட்டிநாட்டு வீட்டில் சொந்தங்கள் கூடுகிறார்களா? இரண்டு நாள் முன்னாடியே வீட்டைத் திறந்துவிடுங்கள். பூட்டிக் கிடந்த அறைகளில் புழுக்க வாடை போக ஒரு முழுப்பகல் காற்று வேண்டும். மோட்டாரையும் அன்றே போட்டுப் பாருங்கள். பண்டிகை நாளில் ரிப்பேருக்கு ஆள் கிடைக்காது. ஆத்தங்குடிப் பூக்கல் பதித்த தரைக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். அது சிமெண்டுக் கல், பூவெல்லாம் அரித்துவிடும். தண்ணீரில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்தால் பளபளக்கும்.

சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வருகிறவர்கள் காரைக்குடியில் இறங்கும்போது இரவாகிவிடும். அவர்களுக்கு இட்லி போதும்.

மறுநாள் காலைக்குத்தான் வெள்ளைப் பணியாரம். ஒரு டம்ளர் நிறையப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து; அளவு அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்த்துக் கரண்டியால் எண்ணெயில் ஊற்றுங்கள். ஒன்று உப்பி மேலே வந்த பிறகுதான் அடுத்தது. அரைத்த மாவை உடனே சுட்டுவிட வேண்டும். புளித்தால் பணியாரம் சரியாக வராது.

அப்புறம் ஒன்று. பழைய வீடுகளில் கழிவறை பெரும்பாலும் பின்கட்டில்தான். ராத்திரி அப்பத்தா எழுந்து போகிற வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும். நிலைப்படிகள் உயரமானவை.