லாஸ்ட் ரேட் சொல்லுங்க ப்ரோ: பழைய கிதாரும் ஆம்பும் கைமாறும்போது

பழைய எலக்ட்ரிக் கிதாரையோ ஆம்பையோ (கிதார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) விற்க விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடத்தில் "லாஸ்ட் ரேட் எவ்ளோ ப்ரோ?" என்று ஒரு மெசேஜ் வந்துவிடும். அனுப்பியவர் என்ன மாடல் என்றுகூடப் படித்திருக்க மாட்டார். விலை பேசாதீர்கள். "நேர்ல வந்து வாசிச்சுப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று மட்டும் பதில் போடுங்கள். பாதிப் பேர் அதோடு காணாமல் போவார்கள், மிச்சம் இருப்பவர்களிடம்தான் உங்களுக்கு வேலை.

சென்னையில் எலக்ட்ரிக் கிதார் வாசிக்கிற கூட்டம் ரொம்பச் சின்னது. நான் விற்ற ஒரு கிதார் மூன்று கை மாறி, நான்காவது ஆள் அதை எனக்கே விற்க வந்தார். அப்படிப்பட்ட ஊரில் குறையை மறைத்து விற்றால் எத்தனை நாளைக்குத் தாங்கும்? அதனால் குறையை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்ன குறைக்கு ஐந்நூறு ரூபாய் குறைத்துக் கேட்பார்கள், அவர்களாகக் கண்டுபிடித்த குறைக்கு ஐயாயிரம் குறைப்பார்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் நம்பவும் மாட்டார்கள்.

விலை வைப்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. அதே மாடல் இன்று கடையில் புதிதாக என்ன விலையோ அதில் அறுபது, அறுபத்தைந்து சதவீதம், நல்ல நிலையில் பெட்டியோடு இருந்தால் எழுபது. நீங்கள் வாங்கிய விலை யாருக்கும் முக்கியமில்லை. அதில் போட்ட புது பிக்கப் (கம்பி அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்), லாக்கிங் டியூனர் (கம்பியைப் பூட்டிப் பிடிக்கும் முறுக்காணி) எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கேட்டால் கிடைக்காது. பழைய பாகங்களை வைத்திருந்தால் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, நல்ல பிக்கப்பைத் தனியாக விற்றுப் பாருங்கள், கூடுதலாகவே தேறும்.

விற்பதற்கு முன் ஒரு செட் புதுக் கம்பி போடுங்கள். நம் ஊர் வியர்வையிலும் கடற்காற்றிலும் கம்பி கறுத்து, ஃப்ரெட்டில் (கிதார் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) பச்சை பிடித்திருக்கும். அதைப் பார்த்தவுடனேயே வருகிறவர் மனதில் இரண்டாயிரம் குறைத்துவிடுவார். வால்யூம் திருப்பும்போது கரகரவென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் (சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வாங்கி உள்ளே அடித்து நாலைந்து தடவை திருப்புங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். படத்தைக் காலை வெளிச்சத்தில் மொட்டைமாடியில் எடுங்கள் (எடுத்ததும் கிதாரை உள்ளே கொண்டுபோய்விடுங்கள், வெயிலில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்). ஹெட்ஸ்டாக்கின் (முறுக்காணிகள் இருக்கும் தலைப்பகுதி) பின்பக்கம், முதல் ஐந்து ஃப்ரெட், சீரியல் நம்பர், இருக்கிற ஒவ்வொரு அடி, கீறல், எல்லாவற்றுக்கும் தனித்தனிப் படம் வேண்டும்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. உங்கள் கேபிளையும் ஒரு சின்ன மல்டிமீட்டரையும் எடுத்துப் போங்கள். முதலில் கிதாரை ப்ளக் பண்ணாமல், தச்சர் பலகையை ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது மாதிரி ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து நெக்கை, அதாவது கிதாரின் கழுத்தைப் பாருங்கள், முறுக்கியிருந்தால் அப்போதே தெரியும். முறுக்கிய நெக்கை ட்ரஸ் ராடு (நெக்குக்குள் வளைவைச் சரிசெய்ய வைத்த இரும்புக் கம்பி) திருப்பிச் சரி செய்ய முடியாது. லேசான வளைவு வேறு விஷயம், அது இருக்கத்தான் வேண்டும். ஆறாவது கம்பியை (இருப்பதிலேயே தடிமனானது) முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழு, எட்டாவது ஃப்ரெட் பக்கம் பார்த்தால் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி தெரியும். நிறையத் தெரிந்தால் ட்ரஸ் ராடு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பி அது உடைந்தால் அந்தக் கிதார் உங்களுடையதாகிவிடும்.

அப்புறம் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே முதல் கம்பியை (இருப்பதிலேயே மெல்லியது) நன்றாக வளைத்து வாசியுங்கள். சத்தம் நடுவில் செத்துப்போனால் ஃப்ரெட் வேலை பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். கம்பிகளுக்கு அடியில் ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருந்தால் தேய்த்துச் சமப்படுத்த இன்னும் உயரம் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். தட்டையாகிவிட்டிருந்தால் ஃப்ரெட் மொத்தமும் மாற்ற வேண்டும், அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேட்பதில் தப்பே இல்லை.

கிப்ஸன் கம்பெனியின் லெஸ் பால் மாதிரியான கிதாரென்றால் ஹெட்ஸ்டாக் சேரும் கழுத்துப் பகுதியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும், மரத்தின் நார் குறுக்காக ஓடும், போதாததற்கு ட்ரஸ் ராடுக்காக அங்கே மரத்தைக் குடைந்தும் இருப்பார்கள். ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்தால் உடைவது அங்கேதான். நான் ஒரு தடவை ராத்திரி எட்டு மணிக்கு, மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கறுப்பு கிதார் ஒன்றைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஜன்னலோரம் கம்பி மாற்றும்போது விரலில் ஏதோ மெலிதாகத் தட்டுப்பட்டது, நட்டுக்கு (ஹெட்ஸ்டாக் தொடங்கும் இடத்தில் கம்பிகள் தங்கும் சின்னத் துண்டு) பின்னால் ஒரு நூல் கனத்துக்கு ஒரு கோடு. ஒட்டி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து, பாலிஷ் போட்டிருந்தார்கள். நன்றாக ஒட்டிய கிதார் பல வருடம் வாசிக்கும், இதுவும் இன்றைக்கு வரை வாசிக்கிறது. ஆனால் உடைந்த கிதாருக்கு உடையாத கிதாரின் விலையைக் கொடுத்திருந்தேன். அன்றிலிருந்து பகலில் மட்டும்தான் கிதார் பார்க்கிறேன், அந்த இடத்தை நகத்தால் தடவிப் பார்க்காமல் பர்ஸைத் திறப்பதில்லை.

போலி கிப்ஸனும் நிறையச் சுற்றுகிறது. ஹெட்ஸ்டாக்கில் ட்ரஸ் ராடை மூடியிருக்கும் மணி வடிவப் பிளாஸ்டிக்கைப் பாருங்கள், அசலில் இரண்டு திருகு, பல போலிகளில் மூன்று. மூன்று இருந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இரண்டு இருப்பதாலேயே அசல் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மூடியைக் கழற்றினால் உள்ளே ஆறு பக்க நட்டு இருக்க வேண்டும், ஆலன் கீ (எல் வடிவச் சாவி) ஓட்டை இருந்தால் சந்தேகப்படுங்கள். மெக்ஸிகோவில் செய்த ஃபெண்டர் கம்பெனி கிதாரில் எம்எக்ஸ் என்று தொடங்கும் நம்பரில் அடுத்த இரண்டு இலக்கம் வருடம், எம்எக்ஸ் 21 என்றால் 2021. "2015ல வாங்கினேன்" என்பவரின் கிதாரில் 18 இருந்தால் கதை எங்கேயோ இடிக்கிறது.

கேபிளைக் கிதாரில் சொருகி, வால்யூமை முழுதாக வைத்து, மறுமுனை ப்ளக்கின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீட்டரை வைத்தால் பிக்கப்பின் நிலைமை தெரியும். சாதாரண சிங்கிள் காயிலுக்கு (ஒரே ஒரு கம்பிச்சுருள் உள்ள பிக்கப்) ஐந்திலிருந்து ஏழு கிலோ ஓம், ஹம்பக்கருக்கு (இரண்டு சுருள் உள்ளது) ஏழு எட்டிலிருந்து மேலே. ஒன்றுமே காட்டவில்லை என்றால் காயிலோ வயரிங்கோ அறுந்திருக்கிறது. சிங்கிள் காயில் உறுமுவதைக் குறை என்று சொல்லிப் பேரம் பேசுகிறவர்களும் உண்டு, அது அதன் குணம். ஃபேன் ரெகுலேட்டரையும் பழைய ட்யூப் லைட்டையும் அணைத்துவிட்டுக் கேட்டால் பாதி உறுமல் போய்விடும்.

ஆம்ப் விஷயத்தில் முதலில் பின்பக்கத்தைத் திருப்பி எத்தனை வோல்ட் என்று படியுங்கள். அமெரிக்காவிலிருந்து வேலை முடிந்து திரும்புகிறவர்கள் கொண்டுவரும் ஆம்ப் பெரும்பாலும் 120 வோல்ட். நம் சுவரில் வருவது 230. பின்னை மாற்றும் அடாப்டர் போட்டு நேரடியாகச் சொருகினால் ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மர் போனால் ஆம்பின் கதை முடிந்தது. ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதன் விலையையும் கணக்கில் சேருங்கள். 40 வாட் டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வு போட்டது) என்றால் சுவரிலிருந்து 40 வாட்தான் இழுக்கும் என்று நினைக்காதீர்கள், மூன்று நான்கு மடங்கு இழுக்கும், அதுவும் பின்தகட்டில் எழுதியிருக்கும்.

டியூப் ஆம்பை ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஒருபோதும் ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். ஆன் செய்து இருபது நிமிடமாவது ஓடவிட்டுக் கேளுங்கள், சூடான பிறகுதான் பல குறைகள் வெளியே வரும். விரலால் டியூப்பைத் தட்டிப் பார்க்கிறேன் என்று சுட்டுக்கொள்ள வேண்டாம், பென்சிலால் தட்டுங்கள், கிணுகிணு என்று ஸ்பீக்கரில் சத்தமாகக் கேட்டால் அந்த டியூப் மாற்ற வேண்டியது. டியூப் மாற்றுவது பெரிய விஷயமில்லை. ஆனால் உள்ளே திறந்து நோண்டாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் கபாசிட்டரில் நானூறு வோல்ட்டுக்கு மேல்கூடத் தங்கியிருக்கலாம், அது உயிர் போகிற விஷயம். வீட்டில் வாசிக்க மட்டும்தான் என்றால் பாஸ் கம்பெனியின் கட்டானா மாதிரி ஒரு சாலிட் ஸ்டேட் ஆம்ப் (டியூப் இல்லாதது) பழையது வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள் என்பது என் கருத்து, டியூப் பைத்தியங்கள் திட்டினால் திட்டட்டும்.

எக்ஸ்சேஞ்ச்தான் இருப்பதிலேயே சண்டை வருகிற இடம். "என் கிதாரும் ஒரு டிலே பெடலும் தர்றேன், நீங்க மேல பத்தாயிரம் போடுங்க" என்று ஆரம்பிப்பார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பினால் யாருக்கு என்ன போனது என்றே தெரியாது. ஒவ்வொரு பொருளுக்கும் ரொக்கத்துக்கு விற்றால் என்ன விலை என்று தனித்தனியாக முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வித்தியாசத்தை மட்டும் கொடுத்து வாங்குங்கள். இரண்டு கிதாரையும் ஒரே ஆம்பில், ஒரே கேபிளில் மாற்றி மாற்றி வாசித்துப் பார்ப்பதற்கு ஒரு ஜாம் ரூமை ஒரு மணி நேரம் எடுத்து வாடகையை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்ளலாம். யார் வீட்டு வாசலிலும் நின்று அவசரப்பட வேண்டியதில்லை.

பணம். "ராணுவத்துல இருக்கேன், நேர்ல வர முடியாது, க்யூஆர் அனுப்புறேன், ஸ்கேன் பண்ணுங்க பணம் வந்துடும்" என்று ஒரு அழைப்பு வந்தால் போனை வைத்துவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யாரும் பின் நம்பர் போட வேண்டியதில்லை, பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும். ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பணம் ஏறியதைப் பார்த்த பிறகு கிதாரைக் கையில் கொடுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மாடல், சீரியல் நம்பர், தொகை, தேதி, சொன்ன குறைகள் எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். திருட்டுக் கிதார் என்று நாளைக்கு யாராவது வந்தால் உங்களைக் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான். பில் இருந்தால் விற்பவர் அதையும் சேர்த்துக் கொடுங்கள், வாங்குபவர் கேட்டு வாங்குங்கள்.

வெளியூருக்கு அனுப்புகிறீர்கள் என்றால் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, ஹெட்ஸ்டாக்குக்கு அடியிலும் இரண்டு பக்கமும் அசையாதபடி பழைய துண்டைத் திணியுங்கள், பெட்டியைக் குலுக்கினால் உள்ளே எதுவும் நகரக் கூடாது. போல்ட் போட்ட நெக் என்றால் கழற்றித் தனியாகச் சுற்றி அனுப்புவது இன்னும் நல்லது. ஆம்பில் டியூப்களைக் கழற்றி, எந்த டியூப் எந்த இடம் என்று டேப்பில் எழுதி ஒட்டி, தனிப் பெட்டியில் அனுப்புங்கள். ஓம்னி பஸ் பார்சலில் போடும்போது கிளீனரிடம் ஐம்பது ரூபாய் கொடுத்து "மேல எதுவும் வைக்காதீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, வண்டி நம்பரையும் அவர் போன் நம்பரையும் வாங்குபவருக்கு அனுப்பிவிடுங்கள், விடியற்காலையில் பஸ் வரும்போது அவரே நேரில் நின்று இறக்கிக்கொள்வார்.