482 என்றால் எந்த 482?

ஒரு முன்ஜாமீன் மனு தயாரிக்கும்போது ஏஐ-யிடம் "482-இல் தீர்ப்பு கொடு" என்று கேட்டேன். வழக்கை ரத்து செய்த தீர்ப்புகளாக அடுக்கிவிட்டது. முழுத் தப்பும் அதன் மேல் இல்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம்; வழக்கை ரத்து செய்யக் கேட்பது அதன் கீழ்தான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதே எண் முன்ஜாமீன்; ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. ஆனால் அடுக்கியதில் ஒரு தீர்ப்பு எங்கே தேடியும் அகப்படவில்லை. அது சுத்தக் கற்பனை.

அப்புறம்தான், அதன் ஞாபகத்தை நம்பாமல் கையில் சட்டப்புத்தகத்தையே கொடுக்க ஆரம்பித்தேன்.

சட்டங்கள் அரசின் இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் அந்த நீதிமன்றத்தின் இ-எஸ்சிஆர் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன. எல்லாவற்றையும் அள்ள வேண்டாம். நீங்கள் தினமும் புரட்டும் பத்துச் சட்டம் போதும்.

ஏஐ தேடி எடுக்க வசதியாக இவற்றைத் துண்டு துண்டாக வெட்டி வைக்க வேண்டும். வெட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. ஐந்நூறு சொல்லுக்கு ஒரு துண்டு என்று வெட்டினால் பிரிவு ஒரு பக்கம், அதற்கு நிபந்தனை போடும் புரொவைசோ ஒரு பக்கம் போய்விடும். செக் மோசடி வழக்கில் வரும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஐப் பாருங்கள்: 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள் என்பதெல்லாம் புரொவைசோவில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு வரும் 138 கட்சிக்காரரைக் கவிழ்த்துவிடும். ஆகவே ஒரு பிரிவு, ஒரு துண்டு. தீர்ப்பென்றால் பத்தி எண் வாரியாக, நியூட்ரல் சைட்டேஷனோடு (நீதிமன்றமே தீர்ப்புக்குத் தரும் அடையாள எண்).

ஒவ்வொரு துண்டிலும் சட்டத்தின் பெயர், பிரிவு எண், எந்தத் தேதி முதல் எதுவரை நடப்பு என்று குறியுங்கள். பழையதை அழித்துவிடாதீர்கள், 2024 ஜூலைக்கு முன் நடந்த குற்றத்துக்கு இன்றும் இந்திய தண்டனைச் சட்டம்தான்.

துண்டுகளை எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளத்தில் போட்டால், அதன் சொல் தேடல் வசதியான எஃப்டிஎஸ்5 எண்ணையும் சொல்லையும் அப்படியே பிடிக்கும். "வீட்டை விட்டுத் துரத்திவிட்டார்" போன்ற கேள்விக்கு, சொல்லைப் பார்க்காமல் பொருளை வைத்துத் தேடும் வெக்டர் தேடலும் வேண்டும். இரண்டையும் ஒரு எம்சிபி சர்வரில் (ஏஐ-யை வெளிக் கருவிகளோடு இணைக்கும் நிரல்) வைத்து, தேடு, எடு என்று இரண்டே கருவிகள் கொடுங்கள். "எடுத்த வரியை அப்படியே காட்டு; கிடைக்காவிட்டால் இல்லை என்று சொல்" என்பதைக் கட்டளையாக எழுதிவிடுங்கள்.

சரி, சோதனை. 482-ஐத் தேதியோடு கேளுங்கள், பிறகு தேதி இல்லாமல். தேதி இல்லாதபோது "எந்தச் சட்டத்தின் 482?" என்று அது திருப்பிக் கேட்க வேண்டும். கடைசியாக, நீங்களே இட்டுக்கட்டிய ஒரு சைட்டேஷனைக் கொடுங்கள். என்னுடையது மூன்றாவது முயற்சியில்தான் "இல்லை" என்றது.