கரையிலேயே நேர்ந்துவிடும் தவறுகள்: ஸ்கூபா நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு விடுமுறையில் செல்பவர்களில் பலர், விடுதியின் வரவேற்பு மேசையில் கிடைக்கும் துண்டறிக்கையைப் பார்த்தோ, கைப்பேசியில் நட்சத்திர மதிப்பீடுகளைச் சில நிமிடங்கள் புரட்டியோதான் ஸ்கூபா நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விலை, ஒளிப்படங்கள், படகின் தோற்றம், பேசுபவரின் கனிவு ஆகிய நான்கும் கரையில் நின்றபடியே பார்க்கக்கூடியவை என்பதால், முடிவும் அவற்றின்மீதே அமைந்துவிடுகிறது. நீருக்கடியில் ஏதேனும் பிசகினால் நம்மைக் காக்கப்போவது இந்த நான்கில் எதுவும் அன்று. சிலிண்டரில் அடைத்த காற்றின் தூய்மை, அந்தக் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் ரெகுலேட்டர் கடைசியாகப் பழுது பார்க்கப்பட்ட நாள், படகில் இருக்கும் ஆக்சிஜனின் அளவு, வழிகாட்டியின் நிதானம் ஆகியவையே காக்கும். அவை கேட்டால்தான் தெரியவரும். கேட்கக் கூச்சப்படுவதைத்தான் முதல் தவறு என்பேன்.

நாம் கேட்கும் கேள்விகளைவிட முக்கியமானது, அந்த நிறுவனம் நம்மிடம் என்ன கேட்கிறது என்பது. பொறுப்புள்ள நிறுவனம், பணத்தைப் பெறுவதற்கு முன்பே உங்கள் சான்றிதழ் எந்த நிலையைச் சேர்ந்தது, இதுவரை எத்தனை முறை முக்குளித்திருக்கிறீர்கள், கடைசியாக எப்போது நீருக்குள் இறங்கினீர்கள் என்று விசாரிக்கும். மூன்று ஆண்டுகள் இடைவெளி விட்டிருந்தால், முதல் நாளில் ஆழம் குறைந்த, அலையடிக்காத இடத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம் என்று சொல்லும். அதைத் தங்களுக்கு நேர்ந்த அவமதிப்பாகவும் ஒரு நாள் வீணாவதாகவும் எண்ணிக்கொண்டு, எதையும் கேட்காமல் நேராகப் படகில் ஏற்றிவிடும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுபவர்கள் உண்டு. உங்கள் திறமையைப் பற்றி எதுவும் தெரியாமல் உங்களை ஏற்றிக்கொள்ளும் படகு, உங்களோடு இணையாக இறங்கப்போகிறவரையும் அவ்வாறேதான் ஏற்றியிருக்கும் என்பது அப்போது நினைவுக்கு வருவதில்லை.

மருத்துவப் படிவத்தை வெறும் சடங்காகக் கருதுவது இதே வகைத் தவறுதான். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அல்லது சைனஸ் கோளாறு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை ஆகியவற்றைப் பற்றி அந்தப் படிவம் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. மேலே வரும்போது அதே அளவில் குறைந்து, நுரையீரலில் உள்ள காற்று விரிவடைகிறது. அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் எங்கேனும் அடைபட்டால், ஓரிரு மீட்டர் மேலே வருவதேகூட நுரையீரலைக் கிழிக்கப் போதுமானது. எனவே, "எல்லாவற்றுக்கும் இல்லை என்று குறித்துவிடுங்கள், ஆம் என்றால் மருத்துவர் கடிதம் கேட்பார்கள்" என்று ஊழியர் ஒருவர் உதவிபோலச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கிருந்து வெளியேறிவிடலாம். உங்களுக்கு அத்தகைய உடல்நிலை ஏதேனும் இருந்தால், மருத்துவர் கடிதத்தை ஊரிலிருந்து புறப்படுவதற்கு முன்பே வாங்கிக்கொள்வது நல்லது. சிறு தீவில் அதற்குரிய மருத்துவரைத் தேடுவது எளிதன்று.

கடை வாசலில் தொங்கும் சின்னங்களை அளவுக்கு மீறி நம்புவது அடுத்தது. 1953இல் பிஎஸ்ஏசி, 1959இல் சிமாஸ், 1966இல் பாடி (PADI), 1970இல் எஸ்எஸ்ஐ என்று பல பயிற்சி அமைப்புகள் தோன்றின. இவை பாடத்திட்டத்தை வகுக்கின்றன, பயிற்றுநர்களுக்குத் தகுதி வழங்குகின்றன. ஆனால் அந்தச் சின்னத்தை மாட்டியிருக்கும் கடைகள் பெரும்பாலும் தனியாருக்குச் சொந்தமான தனித்தனி வணிகங்கள். அடிப்படைப் பயிற்சியின் தரத்தை ஐஎஸ்ஓ 24801 என்ற பன்னாட்டுத் தர வரிசை வரையறுத்திருப்பதால், பெரிய அமைப்புகளுள் எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரம் செலவிடுவது அவ்வளவாகப் பயன் தராது. உங்களுக்குக் கற்றுத்தரப்போகிற மனிதர் யார், அவருடைய தகுதி இன்றும் நடப்பில் இருக்கிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. பயிற்றுநரின் எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த அமைப்பிடமே சரிபார்க்கலாம். இதைக் கேட்டதற்கு முகம் சுளிப்பவரிடம் கற்றுக்கொள்ளத் தேவையில்லை.

விடுமுறை நாட்கள் குறைவு என்பதால், பயிற்சியை எவ்வளவு சீக்கிரம் முடித்துத்தருவார்கள் என்று பார்த்து நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்போர் பலர். ஓப்பன் வாட்டர் என்னும் தொடக்கநிலைச் சான்றிதழுக்குப் பாடியின் விதிப்படி திறந்த நீரில் நான்கு முறை இறங்க வேண்டும். அதற்கு முன் குளம் போன்ற அமைதியான நீரில் பயிற்சிகள் முடிந்திருக்க வேண்டும். 200 மீட்டர் நீந்தியும், 10 நிமிடம் மிதந்தும் காட்ட வேண்டும். பாடங்களை வீட்டிலிருந்தே இணையத்தில் படித்து முடித்துவிட்டு வந்தாலும், நீர்ப்பயிற்சியை ஒரே நாளில் திணித்து முடிக்க இயலாது. நீச்சல் சோதனையை "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிவைக்கும் பயிற்றுநர், முகமூடிக்குள் புகுந்த நீரை வெளியேற்றும் பயிற்சியையும், காற்று தீர்ந்தால் துணைவரிடமிருந்து பெறும் பயிற்சியையும் ஒருமுறை அரைகுறையாகச் செய்தாலே போதும் என்றும் தள்ளிவிடுவார். அந்த இரண்டும்தான், இந்தச் சான்றிதழ் அனுமதிக்கும் 18 மீட்டர் ஆழத்தில் ஒருவருக்குத் தேவைப்படும்.

சான்றிதழ் எதுவும் வேண்டாம், ஒருமுறை இறங்கிப் பார்த்தால் போதும் என்பவர்களுக்கான அறிமுக முக்குளிப்பில் எச்சரிக்கை இன்னும் அதிகமாகத் தேவை. அதில் அதிகபட்ச ஆழம் 12 மீட்டர்தான் என்றாலும், இறங்குபவருக்கு எதுவுமே தெரியாது. அவருடைய உயிர் முழுவதும் அருகில் நீந்துபவரின் கையில் இருக்கிறது. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர் என்று முன்கூட்டியே கேளுங்கள். பயிற்சி அமைப்புகள் விதிக்கும் வரம்பு, கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் நாளுக்கான உச்ச எண்ணிக்கையே ஒழிய, எல்லா நாளும் அதுவரை நிரப்பிக்கொள்ளலாம் என்ற அனுமதி அன்று. என் கணக்கில், புதியவர்களானால் ஒரு பயிற்றுநருக்கு இருவர் என்பதே போதும்; அவருக்கு இருப்பவை இரண்டு கைகள்தாமே.

கருவிகளைப் பொறுத்தவரை, புதிதாகப் பளபளப்பதை வைத்து மதிப்பிடுவது எளிது, தவறுவதும் எளிது. நிறம் மங்கிய ஜாக்கெட் (காற்று நிரப்பி மிதப்பைக் கட்டுப்படுத்தும் மேலங்கி) உரிய காலத்தில் பழுது பார்க்கப்பட்டதாக இருக்கலாம். புதிய ரெகுலேட்டர் உப்பு நீரில் ஊறிய பின் நன்னீரில் கழுவப்படாமலே தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் முன்னதாகக் கடைக்குப் போய், மாலையில் படகு திரும்பிய பிறகு ஊழியர்கள் கருவிகளை எப்படிக் கழுவி, எங்கே உலர்த்துகிறார்கள் என்று சற்று நேரம் பார்ப்பது, நூறு மதிப்புரைகளைப் படிப்பதைவிடப் பயனுள்ளது. ரெகுலேட்டரின் வாய்ப்பகுதியில் கிழிசல், குழாய் இணையும் இடங்களில் வெடிப்பு, ஜாக்கெட்டில் காற்று நிரப்பியதும் தானாகக் குறைந்துபோவது, பொத்தான் அழுந்தியபடியே ஒட்டிக்கொள்வது ஆகியவற்றைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். படகில் பொருத்திய பிறகு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நான்கைந்து முறை ஆழமாக மூச்சு இழுங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் சரிந்து மீண்டும் ஏறினால், சிலிண்டரின் வால்வு முழுமையாகத் திறக்கப்படவில்லை என்று பொருள். இதைச் செய்ய அரை நிமிடம்கூட ஆகாது.

காற்றின் தூய்மையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத பொருள் என்பதால் அது நினைவுக்கே வருவதில்லை. சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸர் வெளிக்காற்றை உறிஞ்சும் குழாயின் வாய், ஜெனரேட்டரின் புகைபோக்கிக்கோ படகு எஞ்சினுக்கோ அருகில் இருந்தால், கார்பன் மோனாக்சைடு உள்ளே நுழைந்துவிடும். அந்த வாயுவுக்கு மணமோ சுவையோ கிடையாது. 30 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தம் கரையில் இருப்பதைப்போல நான்கு மடங்கு என்பதால், கரையில் தலைவலியைக்கூட உண்டாக்காத சிறு அளவு, அங்கே நான்கு மடங்கு வீரியத்துடன் இரத்தத்தில் சேரும். காற்றைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள், அதற்கான தாள் இருக்கிறதா, கம்ப்ரஸரின் வடிகட்டி எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்று கேட்டால், ஒழுங்காக நடத்துபவர் மகிழ்ச்சியோடு கம்ப்ரஸர் அறையையே காட்டுவார். எண்ணெய் வாடையோ புகை வாடையோ வீசும் காற்றுடன் இறங்கவே கூடாது. நைட்ராக்ஸ் என்னும் ஆக்சிஜன் கூட்டிய காற்றைப் பயன்படுத்துபவர்கள், சிலிண்டரில் உள்ள ஆக்சிஜன் விழுக்காட்டைத் தங்கள் கையாலேயே அளந்து பார்த்துக் கையெழுத்திடும் வழக்கம் இல்லாத இடத்தில் அதை வாங்க வேண்டாம்.

அவசரகால ஏற்பாட்டைப் பற்றிக் கேட்டால், "ஆக்சிஜன் இருக்கிறது" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். அதைக் கேட்டுத் திருப்தியடைந்துவிடுவதுதான் இங்கே செய்யும் தவறு. அழுத்தம் குறையும்போது உடலில் கரைந்த வாயு குமிழிகளாவதால் வரும் டிகம்ப்ரஷன் நோய்க்கு முதலுதவி தூய ஆக்சிஜன். நிமிடத்துக்கு 15 லிட்டர் வீதம் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 900 லிட்டர் தேவைப்படும். முக்குளிக்கும் இடத்திலிருந்து மருத்துவமனை இருக்கும் தீவுக்குப் படகு இரண்டு மணி நேரம் செல்ல வேண்டியிருந்தால், பெட்டிக்குள் இருக்கும் சிறிய உருளை பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். ஆகவே ஆக்சிஜன் கடைக்குள் இருக்கிறதா, படகிலேயே இருக்கிறதா, எவ்வளவு நேரம் தாங்கும், அதைப் பொருத்தத் தெரிந்தவர் ஒவ்வொரு பயணத்திலும் உடன் வருகிறாரா என்று கேட்க வேண்டும். இந்த நோய்க்குச் சிகிச்சை தரும் உயர் அழுத்தச் சிகிச்சை அறை அருகில் எங்கே இருக்கிறது என்பதையும் கேளுங்கள். ஆனால் அறை இருப்பது வேறு, அது இன்று ஆட்களோடு இயங்குவது வேறு. 1980இல் தொடங்கப்பட்ட டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் என்னும் முக்குளிப்புப் பாதுகாப்பு அமைப்பு, பாதிக்கப்பட்டவரை நேராக ஏதேனும் ஓர் அறைக்கு அழைத்துச் செல்வதைவிட, முதலுதவி அளித்து, அருகிலுள்ள மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுசென்று, தன் அவசரத் தொலைபேசிக்கு அழைக்குமாறு அறிவுறுத்துவதற்கு இதுவே காரணம். வழிகாட்டிக்கு அந்த எண் தெரிந்திருக்கிறதா, படகில் வானொலித் தொடர்புக் கருவி வேலை செய்கிறதா என்பதிலேயே நிறுவனத்தின் தயார்நிலை விளங்கிவிடும்.

படகு நிறையப் பேரை ஏற்றிக்கொண்டு போகிறதென்றால், திரும்பும்போது எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் முக்குளித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்கத் தம்பதியை விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. அவர்கள் இல்லை என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவந்தது. அவர்கள் உயிருடன் மீட்கப்படவே இல்லை. பெயர் சொல்லி அழைத்து, ஆளையே நேரில் பார்த்துக் குறித்துக்கொள்ளும் முறைதான் நம்பத்தகுந்தது. தலைகளைத் தோராயமாக எண்ணுவதும், ஒருவருக்காக இன்னொருவர் குரல் கொடுப்பதும் போதாது. எல்லோரும் நீருக்குள் இருக்கும்போது படகில் ஒருவரேனும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். நீரோட்டம் உள்ள இடங்களில், மேலே வருபவர் தான் இருக்கும் இடத்தைக் காட்ட ஊதி உயர்த்தும் நிற மிதவையை ஒவ்வொருவருக்கும் தருகிறார்களா என்றும் பாருங்கள். இரவிலும் படகிலேயே தங்கும் பல நாள் பயணமானால், எல்லோரும் உறங்கும்போது ஒருவர் விழித்துக் காவல் சுற்றுகிறாரா, படுக்கை அறைகளிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா என்று கேட்பது அவசியம். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியாக் கடலோரத்தில் கான்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு இரவில் தீப்பற்றி 34 பேர் இறந்தபோது, அத்தகைய காவல் இருந்திருக்கவில்லை.

விலையைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. மிகக் குறைந்த விலையில் கருவி வாடகையும் படகுக் கட்டணமும் அடங்கியிருக்கின்றனவா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டிவிட்டு, வானிலை மோசமானால் என்ன நடக்கும் என்று கேட்காமல் இருப்பதுதான் உண்மையான சிக்கல். பணத்தைத் திருப்பித்தர மறுக்கும் நிறுவனத்துக்குக் காற்றடிக்கும் நாளிலும் படகை எடுக்கும் தூண்டுதல் இருக்கும்; கட்டிய பணம் போய்விடுமே என்று நினைக்கும் வாடிக்கையாளருக்கும் ஜலதோஷத்தோடு, அடைத்த காதோடு இறங்கும் தூண்டுதல் இருக்கும்.

மதிப்புரைகளைப் படிக்கும்போது நட்சத்திரங்களின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, உள்ளடக்கத்தைப் படியுங்கள். ஆமையைப் பார்த்தோம், மதிய உணவு அருமை என்னும் பாராட்டுகளால் பாதுகாப்பைப் பற்றி எதுவும் தெரியாது. "நீரோட்டம் அதிகமாக இருந்ததால் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்" என்று யாரோ ஒருவர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தால், அந்த நிறுவனத்தின் பெயரை நான் குறித்துவைத்துக்கொள்வேன். அதேபோல, "என் சான்றிதழ் 18 மீட்டருக்குத்தான், ஆனாலும் 35 மீட்டர் வரை அழைத்துப்போனார்கள்" என்ற ஐந்து நட்சத்திரப் பாராட்டு, மற்றவர்கள் விலக வேண்டிய காரணத்தைத் தானே எழுதிக் கொடுத்துவிடுகிறது. மாலத்தீவுகளில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்கு 30 மீட்டரே சட்டப்படியான எல்லை. அதைத் தாண்டி அழைத்துச் செல்வதாகப் பெருமையடிக்கும் வழிகாட்டி, சட்டத்தையும் சேர்த்தே மீறுகிறார். பவளத்தின்மேல் நங்கூரம் போடுவது, மீனுக்கு உணவு போட்டுப் படம் எடுக்க வைப்பது, ஆமையைத் தொட அனுமதிப்பது ஆகியவற்றையும் இதே பட்டியலில் சேர்க்கலாம். சிறு விதியைக் காசுக்காக வளைப்பவர் பெரிய விதியில் கறாராக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

காப்பீட்டைப் பற்றியும் ஒரு சொல். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பலவற்றில் ஸ்கூபா விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட ஆழம் வரைதான் பொருந்தும். உயர் அழுத்தச் சிகிச்சையும் விமானத்தில் ஏற்றிக்கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று வாசித்துப் பார்க்க வேண்டும். நிறுவனமே "எல்லாம் எங்கள் காப்பீட்டில் வருகிறது" என்று சொன்னால், அது பெரும்பாலும் நிறுவனத்தின் சட்டப் பொறுப்புக்கான காப்பீடாகவே இருக்கும்.

கடைசி நாள் அட்டவணையை அவர்களிடம் முழுமையாக விட்டுவிடுவதும் பலர் செய்வது. முக்குளித்தபின் உடலில் கரைந்து நிற்கும் நைட்ரஜன், விமானத்தின் குறைந்த அழுத்தத்தில் குமிழிகளாக மாறக்கூடும். டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரைப்படி, ஒரே ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாட்கள் இறங்கியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் இடைவெளி விட்டே பறக்க வேண்டும். நைட்ரஜன் வெளியேறுவதற்காக மேலே வரும் வழியில் கட்டாய நிறுத்தம் தேவைப்பட்ட முக்குளிப்பானால் இன்னும் அதிகம். முன்பதிவு செய்யும்போது உங்கள் விமானம் எப்போது என்று கேட்டு, அதற்கு ஏற்றவாறு கடைசி முக்குளிப்பை வைக்கும் நிறுவனமா, அல்லது "மாலை விமானம்தானே, காலையில் ஒருமுறை போய் வந்துவிடலாம்" என்று சொல்லும் நிறுவனமா என்பதை அந்த ஒரு உரையாடலிலேயே கண்டுகொள்ளலாம். விமானத்தின் நேரத்தை நீங்களாகச் சொல்லாமல், அவர்கள் கேட்கிறார்களா என்று ஒருமுறை காத்திருந்து பாருங்கள்.