விதை பரிமாறும் நண்பர்களே, இந்தத் தவறுகள் வேண்டாம்

ஆனி பிறந்தால் போதும், தோட்ட நண்பர்களின் வாட்ஸ்அப் சூடாகிவிடும். "பீர்க்கு விதை யாரிடமாவது இருக்கா?", "சிவப்பு வெண்டை கொஞ்சம் கிடைக்குமா?", "என்கிட்ட மூக்குத்தி அவரை இருக்கு, பதிலுக்கு என்ன தருவீங்க?" ஆடிப்பட்டத்துக்குள் விதை கைக்கு வந்தாக வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும். முகம்கூடப் பார்த்திராத ஒருவர், பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து மடித்த பொட்டலத்தில் பத்து விதையை வைத்து, தன் செலவில் தபாலில் போடுகிறார். இந்தப் பழக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். என் மாடியில் இருக்கும் செடிகளில் பாதி இப்படி வந்தவைதான்.

ஆனால் புதிதாகச் சேருகிறவர்கள் வருடா வருடம் அதே குழிகளில்தான் விழுகிறார்கள். முன்னால் நாங்கள் விழுந்த குழிகள்தான் எல்லாம். தண்ணீர் அதிகம் ஊற்றாதே, நிழலில் வைக்காதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன். விதை எடுப்பதிலும் கொடுப்பதிலும் வாங்குவதிலும் நடப்பவை மட்டும் இங்கே.

ஹைபிரிட் காயிலிருந்து விதை எடுப்பது

கடைப் பாக்கெட்டில் 'எஃப்1' என்று போட்டிருந்தால் அது இரண்டு வேறு தாய் தந்தை வரிசைகளைக் கலந்து எடுத்த விதை. முதல் தலைமுறை பிரமாதமாகக் காய்க்கும். அதன் விதையைப் போட்டால் ஒவ்வொரு செடியும் ஒரு மாதிரி வரும். முளைக்காமல் போகாது, முளைக்கும், காய்க்கவும் செய்யும். நீங்கள் படத்தில் காட்டிய காய்தான் வராது. மாறாக, 'ரகம்' என்று வெளியிடப்பட்டவற்றிலிருந்து விதை எடுக்கலாம். பெரியகுளத்திலிருந்து வந்த பி.கே.எம். 1 தக்காளி அப்படிப்பட்டது. சந்தையில் வாங்கிய தக்காளி எந்த வகை என்று தெரியாது, அதனால் அதன் விதையை உங்கள் மாடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திறந்து கிடந்த பூவில் காய்த்த காயை விதைக்கு விட்டு, பெயர் எழுதிக் கொடுப்பது

இதுதான் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தரும் விஷயம். மற்றப் பல தவறுகளில் விதை முளைக்காமல் போகும், பத்து நாளில் தெரிந்துவிடும், வேறு விதை போட்டுக்கொள்ளலாம். இதில் விதை அருமையாக முளைக்கும். கொடி பந்தல் ஏறும். பூக்கும். உண்மை தெரியும்போது பட்டமே முடிந்திருக்கும்.

ஒரு ஆடியில் திருப்பூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் நீளச் சுரை விதை அனுப்பினார். கூடவே படமும்: கை நீளத்துக்கு, இளம்பச்சையில், ஒரு தழும்பு இல்லாத காய். என் பந்தலில் சுரைக்கு ஒரே ஒரு கொடிக்குத்தான் இடம். அந்த இடத்தை இந்த விதைக்குக் கொடுத்தேன். ஆவணி, புரட்டாசி என்று உரமும் தண்ணீரும் ஊற்றி வளர்த்த கொடியில் முதல் காய் இறங்கியது. அடி பருத்து, மேலே கழுத்து மாதிரி சுருங்கி, நீளமும் இல்லாமல் உருண்டையும் இல்லாமல் ஒன்று. அப்புறம் அவர் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீளச் சுரைக்குப் பின்னால், அதே பந்தலில், குண்டுச் சுரை தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அண்ணன் பொய் சொல்லவில்லை. அவர் விதை எடுத்த காய் அசல் நீளச் சுரைதான். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். காயின் உருவம், தோல், சதை எல்லாம் தாய்ச் செடியின் சமாசாரம். எந்த ஆண்பூவின் மகரந்தம் வந்து விழுந்தாலும் காய் தாயைப் போலத்தான் இருக்கும். கலப்பு உள்ளே இருக்கும் விதையில் மட்டும் உட்கார்ந்திருக்கும், அடுத்த தலைமுறையில்தான் வெளியே வரும். அதனால் "காய் இதோ பாருங்க" என்ற படம் விதைக்குச் சான்று ஆகாது. மக்காச்சோளம் ஒரு விதிவிலக்கு. அதில் நாம் தின்னும் மணியே விதை என்பதால் கலந்தால் அந்தக் கதிரிலேயே வேறு நிற மணிகளைப் பார்க்கலாம். சுரைக்கும் பரங்கிக்கும் அந்த வசதி இல்லை.

எது எதோடு கலக்கும் என்பதிலும் குழப்பம் நிறைய. பக்கத்தில் பாகல் இருப்பதால் சுரை கசந்துவிட்டது என்பார்கள். பாகல் சுரையோடு சேராது. பரங்கி வெண்பூசணியோடு சேராது. ஒரே இனத்துக்குள், அல்லது மிக நெருங்கிய இனங்களுக்குள்தான் கலப்பு நடக்கும். சுரையில் எத்தனை உருவம் இருந்தாலும் எல்லாம் ஒரே இனம்தான், எல்லாம் கலக்கும். பீர்க்கும் நுரைப்பீர்க்கும் கலக்கும். கொம்புப் பாகலும் மிதிபாகலும் கலக்கும். கத்தரியில் ஒரே பூவிலேயே ஆண் பெண் இரண்டும் இருந்தாலும் வண்டும் தேனீயும் புகுந்து கலந்துவிடும். மிளகாயும் வெண்டையும் அப்படியே. வேலூர் முள் கத்தரிக்கும் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அந்த விதைகளைக் கேட்காத ஆள் இல்லை. மாடியில் நாலு வகைக் கத்தரிக்கு நடுவில் வளர்த்த செடியிலிருந்து விதை எடுத்து, பொட்டலத்தில் 'முள் கத்தரி' என்று எழுதி அனுப்பினால் வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

தக்காளி, காராமணி, அவரை பெரும்பாலும் தனக்குள்ளேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். அவற்றில் கவலை குறைவு. நெல்லும் அப்படித்தான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் விதைத் திருவிழா நடத்தி, இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லைக் கொடுத்து அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பி வாங்கினார். ஊர் ஊராகக் கைமாறியும் அந்த ரகங்கள் நிலைத்ததற்கு அவருடைய உழைப்பு முதல் காரணம். நெல் எளிதில் கலக்காத பயிர் என்பதும் ஒரு காரணம். அதைப் பார்த்துச் சுரையையும் அதே மாதிரி சுற்றுக்கு விட்டால் மூன்றாவது கைக்குப் போகும்போது பெயர் மட்டும்தான் மிஞ்சும்.

விதைப் பண்ணைகளில் கொடிப் பயிர்களுக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் இடைவெளி விடுவார்கள். மாடியில் அது நடக்காது. பக்கத்து வீட்டு மாடியிலும் ஒரு சுரை இருக்கும். அதனால் பூவைக் கட்டுவது ஒன்றே வழி, அது கஷ்டமும் இல்லை. பரங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூ வெறும் காம்பில் நிற்கும். நாளைக்கு விரியப்போகும் மொட்டின் நுனி சாயங்காலமே மஞ்சளாகத் திரும்பும். அப்போதே ஒரு பெண்மொட்டையும் ஒன்றிரண்டு ஆண்மொட்டுகளையும் நுனியில் நூலால் லேசாகக் கட்டிவிடுங்கள். மறுநாள் விடிந்ததும் ஆண்பூவைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் இருக்கும் மஞ்சள் தண்டைப் பெண்பூவின் நடுவில் இருக்கும் சூல்முடியில் (மகரந்தம் ஒட்டிக்கொள்ளும் முனை) நன்றாகத் தடவுங்கள். பெண்பூவை மறுபடியும் கட்டிவிட்டு, காம்பில் ஒரு கலர் நூலை அடையாளத்துக்குச் சுற்றுங்கள். ஒன்பது மணிக்கு எழுந்து போனால் பூ வாடியிருக்கும். சுரை, பீர்க்கு, புடலையில் பூ சாயங்காலம் விரியும் என்பதால் மதியமே கட்டிவிட்டுப் பொழுது சாயும்போது சேர்க்க வேண்டும்.

கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் சுலபம். மொட்டு விரியும் முன் அந்தக் கிளையை வலைத்துணிப் பையில் போட்டுக் கட்டுங்கள். கல்யாண வீட்டில் பாதாம், கற்கண்டு போட்டுத் தருவார்களே, அந்தப் பை போதும். தினம் காலையில் கிளையை விரலால் ரெண்டு தட்டுத் தட்டினால் காய் பிடித்துவிடும். பிடித்ததும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டுங்கள். அந்த நூல் கட்டிய காய் மட்டும்தான் விதைக்கு. வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அதுதான் முதலில் சாம்பாருக்குப் போகும்.

உருவம் மாறினால் மனக்கஷ்டத்தோடு போகும். கசப்பு வந்தால் அப்படி விட முடியாது. காட்டில் கிடக்கும் பேய்ச்சுரையும் நம் சுரையும் ஒரே இனம். பேய்ப்பீர்க்குக்கும் பீர்க்குக்கும் அதே உறவு. அந்த மகரந்தம் ஏறிய விதையிலிருந்து வரும் காயில் குக்கர்பிட்டேசின் என்ற நச்சுப்பொருள் ஏறிவிடலாம். வேகவைத்தாலும் அது போகாது. 2010இல் டெல்லியில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்த ஒரு விஞ்ஞானி இறந்துபோனார். நண்பர் கொடுத்த விதையில் காய்த்த சுரையோ பீர்க்கோ எதுவானாலும், ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டுக் கொடியோடு பிடுங்கிப் போடுங்கள். "ஒரு காய்தானே, புளி கொஞ்சம் கூடப் போட்டுச் சமைச்சுடலாம்" என்று சொன்ன ஒருவரோடு நான் கிட்டத்தட்டச் சண்டையே போட்டிருக்கிறேன்.

பூவைக் கட்டவில்லை, ஆனாலும் விதை கொடுக்க ஆசையா? தாராளமாகக் கொடுங்கள். பொட்டலத்தில் 'பூ கட்டவில்லை, கலந்திருக்கலாம்' என்று எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் தன் ஒரே பந்தலை அதற்குக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொள்வார்.

பிஞ்சை விதைக்கு அறுப்பது

சமைக்கிற பருவம் வேறு, விதைப் பருவம் வேறு. கத்தரி மஞ்சளாகிச் சுருங்கும் வரை செடியில் நிற்க வேண்டும். வெண்டை காய்ந்து வரிகளில் வெடிக்கத் தொடங்க வேண்டும். சுரையை ஆட்டினால் உள்ளே விதை கலகலக்க வேண்டும். விதைக்கு விட்ட காய் முற்ற முற்றச் செடி புதுக் காய் பிடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த நஷ்டத்துக்குப் பயந்துதான் பலர் பாதியில் அறுக்கிறார்கள். விதைக்கென்று ஒரு செடியையே ஒதுக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஈரம் போகாத விதையை ஜிப் கவரில் போடுவது

தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். கவரில் போட்டு அனுப்பினால் நாலு நாள் தபால் பையில் வெந்து, பிரிக்கும்போது ஒரு புளித்த வாடை வரும். விதைமேல் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். பரங்கி, சுரை விதையை வளைத்துப் பாருங்கள். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. தக்காளி விதையைச் சுற்றியிருக்கும் வழுவழுப்பை எடுக்க, சாற்றோடு ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டுக் கழுவுங்கள். டிஷ்யூ பேப்பரில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும், தட்டில் பரப்புங்கள். நிழலில் காயட்டும். நம் பாட்டிமார்கள் பூசணி, சுரை விதையைச் சாணியில் பதித்து வறட்டி தட்டிச் சுவரில் ஒட்டி வைத்தார்கள், அடுத்த பட்டம் வரை வண்டு நெருங்காது. மாடி வீட்டில் சாணிக்கு எங்கே போவது என்பவர்கள் சலித்த விறகுச் சாம்பலைக் கலந்து காகிதப் பொட்டலத்தில் வையுங்கள்.

பெயரும் தேதியும் எழுதாத பொட்டலம்

குப்பை.

வெறும் உறையில் அனுப்புவது

தபால் முத்திரை விதையின்மேல்தான் விழும். பொட்டலத்தை மடித்த அட்டைக்கு நடுவில் வையுங்கள், அல்லது கொஞ்சம் பஞ்சு.

வெளிநாட்டு நண்பருக்குச் சாதாரணத் தபாலில் விதை

வேண்டாம். பயிர்நலச் சான்று இல்லாத விதையைப் பல நாடுகளில் பிடித்து அழித்துவிடுவார்கள். அங்கிருந்து நீங்கள் வரவழைப்பதற்கும் இந்தியாவில் அனுமதி வேண்டும், 2003ஆம் வருடத்துத் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை அப்படித்தான் சொல்கிறது.

வந்த விதை எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடுவது

பத்து விதை வந்தால் ஐந்தைப் போடுங்கள். ஒரு மழையோ ஒரு எலியோ அணிலோ போதும், எல்லாம் போய்விடும். மறுபடி கேட்கக் கூச்சமாக இருக்கும், நண்பரிடமும் இருக்காது. வெங்காய விதை மட்டும் சீக்கிரம் உயிர் இழக்கும், அதை அடுத்த வருடத்துக்கு என்று வைக்காதீர்கள்.

வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருப்பது

பொட்டலம் வந்த அன்று கைகூப்பும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள் அதிகம். கொடுத்தவருக்கு வேண்டியது வேறு. எத்தனை போட்டீர்கள், எத்தனை முளைத்தது, எத்தனை நாளில் பூத்தது, காய் எப்படி இருந்தது என்று சொல்லுங்கள். ரகம் மாறி வந்திருந்தால் சங்கடப்படாமல் காயின் படத்தோடு தனியாக எழுதுங்கள். திருப்பூர் அண்ணனுக்கு நான் அனுப்பினேன். அவர் டப்பாவில் மிச்சம் இருந்த விதையை வேறு யாருக்கும் கொடுக்காமல் நிறுத்திவிட்டு, அடுத்த தையில் பூவைக் கட்டி எடுத்த காயிலிருந்து புது விதை அனுப்பினார். பொட்டலத்தில் 'பூ கட்டியது' என்று சிவப்பு மையில் எழுதி, கீழே ரெண்டு கோடும் போட்டிருந்தார்.